தனக்கொடி டீச்சர் பக்கம் நின்னவ

வாங்க மிஸ், வாங்க. நாய் ஒண்ணும் பண்ணாதுங்க, குரைக்கிறதோட சரி. அந்தக் கட்டில்ல உக்காருங்க. நான் வேலை பார்த்துக்கிட்டே பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. தறிக்கு நூல் சுத்திக் குடுக்கிற வேலை. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கலேன்னா தறிக்காரர் வாசல்ல வந்து நின்னுக்குவாரு. முதல்ல தண்ணியைக் குடிங்க. மூஞ்சியெல்லாம் சிவந்து கெடக்குது பாருங்க.

நீங்க யாருன்னு கேக்கவே வேண்டியதில்ல. கையில பளபளன்னு நோட்டீஸ் கட்டு, தோள்ல ஸ்கூல் பேரு போட்ட பை, இந்தக் கொளுத்துற வெயில்ல ஒரு குடை. பிள்ளை புடிக்க வந்திருக்கீங்க. நீங்க அதைக் கேன்வாஸிங்குன்னு சொல்லுவீங்க. நாங்க பிள்ளை புடிக்கிறதுன்னுதான் சொல்லுவோம். லீவு விட்டா பிள்ளைகளுக்குத்தான் லீவு. டீச்சர்களை ஊர் ஊராத் தாட்டி விட்டுருவாங்க. வீட்டுக்கு வீடு போய் உங்க கொழந்தையை எங்க ஸ்கூல்ல சேருங்கன்னு கெஞ்சணும். இத்தனை பேரைச் சேர்த்தாத்தான் ஜூன்ல வேலை. இல்லீங்களா? தெரியும் மிஸ். எனக்குத் தெரியாதது உங்க ஸ்கூல்ல ஒண்ணும் கெடையாது.

எங்க, அந்த நோட்டீஸைக் காட்டுங்க. அட, குதிரை மேல கொழந்தை உக்காந்திருக்குது! உங்க ஸ்கூல்ல குதிரை எங்க இருக்குது? எம் பொண்ணு அங்க மூணு வருஷம் படிச்சா. ஒரு கழுதையைக்கூடப் பார்த்ததில்லேன்னா, கரஸ்பாண்டெண்டைத் தவிர.

சிரிக்காதீங்க, வேலை போயிரும். அந்த ஆளுக்குச் சிரிக்கிறவங்களைக் கண்டா ஆகாது.

ஆமாங்க, சேர்க்கிற வயசுல ஒருத்தன் இருக்கான். அந்தா, வேப்ப மரத்தடியில மண்ணைத் தலையில போட்டுக்கிட்டு இருக்கானே, அவந்தான். ஆனா உங்க ஸ்கூல்ல சேர்க்க மாட்டேன். மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்றேன்னு நெனைக்காதீங்க, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. இந்த வளவுல மொத்தம் பன்னெண்டு வீடு. ஒரு வீட்டுலயும் சேர்க்க மாட்டாங்க. ஏன்னு கேளுங்க. சும்மா கேளுங்க, வெயில் தாழட்டும்.

நீங்க புதுசாச் சேர்ந்தவங்களா? அப்பத் தனக்கொடி டீச்சரைத் தெரிஞ்சிருக்காது. பேரையாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? சொல்ல மாட்டாங்க, எப்படிச் சொல்லுவாங்க!

ஒண்ணாங்கிளாஸ் டீச்சருங்க. அம்பத்தாறு வயசு. அந்த ஸ்கூலு ரெண்டு ஓட்டுக் கொட்டாயா இருந்தப்ப சேர்ந்தவங்க. எம் பெரியவ யாழினி இருக்கா பாருங்க, அவ யூ.கே.ஜி. முடிச்சு வந்தப்ப ஒரு எழுத்து வாயில வராது. வீட்டுல வாய் ஓயாமப் பேசுவா. கிளாஸ்ல எந்திரிச்சு வாசின்னா அழுதுருவா. ஒரு கொழந்தை சிரிச்சாப் போதும், அன்னைக்கு முழுக்கச் சோறு இறங்காது. யூ.கே.ஜி. மிஸ்ஸு, பொம்மையாட்ட அலங்காரம் பண்ணிக்கிட்டு வரும், அது என்னைக் கூப்பிட்டு "உங்க பொண்ணுக்கு மூளை மந்தம், டாக்டர்கிட்டக் காட்டுங்க"ன்னு சொல்லுச்சு. எம் பொண்ணுக்கு மூளை மந்தமாம்! வீட்டுல எத்தனை முட்டை இருக்குது, எத்தனையை அவ தம்பி உடைச்சான்னு கணக்குச் சொல்றவளுக்கு.

தனக்கொடி டீச்சர் என்ன பண்ணுவாங்கன்னா, மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் சேர்ல உக்காந்துக்குவாங்க. ஒவ்வொரு கொழந்தையாப் பக்கத்துல வந்து, அவங்க காதுக்குள்ள வாசிக்கணும். ரகசியம் சொல்ற மாதிரி. மத்த கொழந்தைகளுக்குக் கேக்கக் கூடாது. தப்பா வாசிச்சா அது டீச்சருக்கும் அந்தக் கொழந்தைக்கும் மட்டும்தான் தெரியும். சிரிக்க ஆளில்ல பாருங்க! தப்பு பண்ணினா டீச்சரும் அதே மாதிரி அது காதுல திருப்பிச் சொல்லுவாங்க. தீபாவளி வர்றதுக்குள்ள எம் பொண்ணு வாசிக்க ஆரம்பிச்சுட்டா. பஸ்ஸுல போனா ஒரு கடை விட மாட்டா. சலூன், மெடிக்கல், மட்டன் ஸ்டால், அத்தனையும் என் காதுல வந்து வாசிப்பா. எனக்குக் கூசும், ஆனாலும் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்.

அப்படி இருந்த டீச்சரை என்ன பண்ணினாங்கன்னு கேளுங்க.

ஸ்கூலை ஆரம்பிச்ச பெரியவர் நடமாட்டமா இருந்தவரைக்கும் ஸ்கூலு ஸ்கூலா இருந்துச்சு. அவரு படுக்கையில விழுந்தாரு, பையன் வந்துட்டான். கிரிதரன். கரஸ்பாண்டெண்டாம்! பங்குனி வெயில்ல கோட்டுப் போட்டுக்கிட்டு, கழுத்துல ஊத்துற வேர்வையைக் கைக்குட்டையில ஒத்திக்கிட்டு நிப்பான். எங்க ஊர்க் கோழிப் பண்ணையில காய்ச்சல் வந்த கோழி அப்படித்தான் நிக்கும். வந்ததும் முதல் வேலையா செவுத்துக்கெல்லாம் பச்சையும் ஊதாவும் அடிச்சான். அடுத்தது வயசானவங்களைத் தள்ளுறது. நாப்பத்தஞ்சு தாண்டின டீச்சர்ங்க எல்லாம் ஒவ்வொருத்தரா வேலையை விட்டு நின்னாங்க. "பேரன்ட்ஸ் யங் ஸ்டாஃபைத்தான் எதிர்பார்க்கிறாங்க"ன்னு சொல்லுவானாம். நாங்க எப்படா எதிர்பார்த்தோம்? எங்களை எவன் கேட்டான்? இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்கிறீங்களா? வேன்ல பிள்ளைகளை ஏத்தி இறக்குற ஆயா செல்லாயி எங்க வளவுதான். அவ வாயில ஒண்ணும் நிக்காது.

தனக்கொடி டீச்சரை மட்டும் அவனால தொட முடியல. என்ன குத்தம் சொல்லுவான்? லீவு போட மாட்டாங்க. பிள்ளைக வாசிக்குது. பெத்தவங்க கும்பிடுறாங்க. ஒரு சாக்குக் கிடைக்காதான்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கான்.

அந்தச் சமயத்துலதான், போன வருஷம், பொங்கல் முடிஞ்சு பெத்தவங்களுக்கு மீட்டிங் வெச்சாங்க. பந்தல், சேர், மைக்கு, ஆளுக்கொரு பப்ஸ். கிரிதரன் அரைமணி நேரம் இங்கிலீஷ்ல பேசுனான். எங்க வளவு ஆளுக எல்லாம் பப்ஸைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். கடைசியா, "உங்க கருத்தைச் சொல்லுங்க"ன்னான். ஒருத்தி வாயைத் திறக்கணுமே! அத்தனையும் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ஊமையாட்ட உக்காந்திருக்குதுக. எனக்கு அடக்க முடியல. எந்திரிச்சுப் போய் மைக்கைப் புடிச்சுட்டேன்.

"நான் பஞ்சாயத்து ஸ்கூல்ல பத்தாவது படிச்சவ, எனக்கு இங்கிலீஷ் வராது, மனசுல பட்டதைச் சொல்றேன். தனக்கொடி டீச்சர் மாதிரி ஒரு டீச்சர் கெடையாது. எம் பொண்ணு அவங்க காதுக்குள்ள போய் வாசிச்சாத்தான் வாசிப்பா. சத்தம் போட்டு வாசிச்சாக்கூட அவங்க ஒத்துக்க மாட்டாங்க, காதுகிட்ட வான்னுதான் கூப்பிடுவாங்க. பாவம், மூட்டு வலி. கீழ குனிஞ்சா எந்திரிக்க முடியாது. அந்த வலியோட, சேரை விட்டு எந்திரிக்காமலே அத்தனை கொழந்தைகளையும் மேய்ச்சுருவாங்க. இந்த வயசுல அவங்க செய்யறதை நம்மால செய்ய முடியுமா?"ன்னு கேட்டேன். மிஸ், என்ன கைதட்டு! பின்னாடி உக்காந்திருந்த ஆம்பளைங்ககூடத் தட்டினாங்க. கிரிதரனும் தட்டினான். அவந்தான் ரொம்ப நேரம் தட்டினான். மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. மனுசன்னா ஒரு நல்லதும் இருக்கும் போலன்னு நெனைச்சுக்கிட்டேன்.

டீச்சர் ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாங்க. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டாங்க. அவங்க அப்படித்தான். நாலு பேரு முன்னால புகழ்ந்தாக் கூச்சப்படுவாங்க.

இதைக் கேளுங்க. ஒரு வாரம்கூட ஆகல. டீச்சருக்கு மெமோ வந்துருச்சு. "உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. மாணவர்கள் காதருகே வந்து வாசிக்க வேண்டியுள்ளது. மூட்டு வலியால் இருக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. இது பெற்றோர் மூலமாகவே எங்களுக்குத் தெரிய வந்துள்ளது. வயதைக் கருதி நீங்களே விலகிக்கொள்வது நல்லது." செல்லாயி வந்து சொன்னதும் சுத்திக்கிட்டு இருந்த நூலை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுட்டேன். பெற்றோர் மூலமாவாம்! எந்தப் பெத்தவ? எந்த வேலையத்த முண்டை இப்படிப் போய்ப் போட்டுக் குடுத்தா? நான் அத்தனை பேரு முன்னால புகழ்ந்து பேசிட்டு வர்றேன், எனக்குப் பின்னால போய் ஒருத்தி காது கேக்கலேன்னு சொல்லியிருக்கா பாருங்க. மனுசியா அவ?

கீழ் வீட்டுப் பிரேமாதான்னு எனக்கு ஒரு நிமிசத்துல தெரிஞ்சு போச்சு. அவ பையனை டீச்சர் ஒரு தடவை கண்டிச்சாங்க, அந்த வன்மம். நேராப் போய்க் கேட்டேன். "ஏன்டி பிரேமா, சோத்துல உப்புப் போட்டுத்தான் தின்னுறியா?"ன்னு. அவ என்னடான்னா, "நீதானே அக்கா மைக்குல சொன்னே"ங்கறா! எப்படி மடக்கிப் போடுறா பாருங்க! நான் சொன்னது பாராட்டு. அது வேற, இது வேற. பாராட்டுக்கும் கோள் சொல்றதுக்கும் வித்தியாசம் தெரியாதவகிட்ட என்ன பேசுறது? அன்னையில இருந்து அவளோட பேச்சு வார்த்தை கெடையாது.

டீச்சர் லேசுப்பட்டவங்க இல்ல. டவுனுக்குப் போய், காது டெஸ்ட் எடுத்து, நல்லாக் கேக்குதுன்னு டாக்டர்கிட்டச் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்து மேசை மேல வெச்சுட்டாங்க. "என் பாடத்துல குறை இருந்தாச் சொல்லுங்க, என் வயசைச் சொல்லாதீங்க"ன்னு கேட்டாங்களாம். செல்லாயி வெளிய நின்னு கேட்டிருக்கா. டீச்சர் அதோட விடல. வயசைக் காட்டி ஒதுக்குறாங்கன்னு கல்வி ஆபீசுக்கு மனுக் குடுத்துட்டாங்க.

அவ்வளவுதான். அடுத்த திங்கக்கிழமையே ஒண்ணாங்கிளாஸைப் புடுங்கிட்டான். யாரோ ஒரு சின்னப் பொண்ணு வந்து உக்காந்துக்கிச்சு. இவங்களுக்கு வேன் டூட்டி. மூட்டு வலிக்காரங்களை வேன்ல ஏறி இறங்க வெச்சான். ஏறினா இறங்கணும், இறங்கினா ஏறணும். மத்த நேரம் மாடியில லைப்ரரி. அங்க என்ன இருக்குதுங்கறீங்க? ஒடஞ்ச பெஞ்சும் பழைய கேள்வித்தாளும். ஒரு நாள் வேன் எங்க முக்குல நின்னப்ப ஓடிப் போய் டீச்சர்கிட்ட, "விட்டுட்டு வந்துருங்க டீச்சர், இந்தப் பொழைப்பு எதுக்கு?"ன்னு கேட்டேன். "நான் எந்தத் தப்பும் பண்ணல வளர்மதி. ஒண்ணாங்கிளாஸ்ல உக்காந்து ரிட்டையர் ஆகணும், துரத்தி விட்டு இல்ல"ன்னாங்க. சத்தமாக்கூடச் சொல்லல. அந்தக் கொரலு இன்னும் என் காதுல இருக்குது.

அப்பறம் லீவு விட்டாச்சு. பிள்ளை புடிக்கிற சீசன். அவங்களுக்கு எந்தப் பக்கம் போட்டான் தெரியுமா? எங்க பக்கம். பஸ் வராத காடு கரையெல்லாம். நடந்துதான் வரணும். இதே கட்டில்ல, நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்காந்தாங்க. அவங்களும் இப்படித்தான் முட்டியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. உங்களுக்கும் முட்டி வலியா மிஸ்? இருக்கும், இருக்கும்.

"வளர்மதி, உங்கிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்கேன்"னாங்க. "உன் சின்னவனை எல்.கே.ஜி.யில சேர்த்து விடு. இந்த வளவுல இன்னும் நாலு கொழந்தை இருக்குது, நீ சொன்னாக் கேப்பாங்க. அஞ்சு பேரு சேர்ந்தா என் கணக்கு முடிஞ்சுரும். ஜூன் கடைசியில கல்வி ஆபீசுல விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அது வரைக்கும் நான் வேலையில இருந்தாகணும். வேலையில இல்லேன்னா, இவங்க எங்க ஸ்டாஃபே இல்லேன்னு சொல்லி மனுவையே மூடிருவாங்க. இந்த ஒரு உதவி பண்ணு கண்ணு."

எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சுங்க. எப்பேர்ப்பட்ட டீச்சரு! அவங்களை எங்க வாசல்ல வந்து கெஞ்ச வெச்சுட்டானே! "டீச்சர், உங்களை இப்படித் தெருவுல அலைய விட்டவன் ஸ்கூல்ல எம் பையனைச் சேர்ப்பேனா? பெரியவளையும் நிறுத்துறேன் பாருங்க. இந்த வளவுல ஒரு குஞ்சு அங்க போகாது"ன்னு சொன்னேன்.

"வேண்டாம் வளர்மதி. கோவத்தை ஜூலையில படு. இப்பச் சேர்த்து விடு"ன்னாங்க. திருப்பித் திருப்பி அதையே சொல்றாங்க. "நீ நிறுத்தினா எனக்குத்தான் கெடுதல்"ங்கறாங்க. அவங்க மனசு அப்படி. தன்னால அடுத்தவங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு நெனைக்கிற மனசு. அந்த நல்ல மனசாலதானே அவங்களை ஏறி மிதிக்கிறாங்க? அவங்க சார்பா நாமதான் முறுக்கிக்கிட்டு நிக்கணும்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

சாயங்காலமே வீடு வீடாப் போனேன். சும்மா இல்லீங்க, அழுகாத குறையாப் பேசினேன். எல்லாரும் சரின்னுட்டாங்க. பிரேமா மட்டும், "டீச்சரே சேருங்கன்னு சொல்லும்போது நாம ஏன் நிறுத்தணும்?"ன்னு இழுத்தா. அவ இழுக்கத்தானே செய்வா, அவ வண்டவாளம் எனக்குத் தெரியாதா? ஆனா ஊரு ஒண்ணாச் சேர்ந்ததும் அவளும் வேற வழியில்லாம வந்துட்டா.

அடுத்த வாரம் எல்லாரும் ஆட்டோ புடிச்சு ஸ்கூலுக்குப் போனோம் டி.சி. வாங்க. கிரிதரன் அரண்டு போயிட்டான். கோட்டைக்கூடக் கழட்டிட்டான்! "ஏம்மா, திடீர்னு என்னாச்சு? யாரு சொல்லி வந்தீங்க?"ன்னு கேட்டான். நான் விடுவேனா? மேசையைத் தட்டிச் சொன்னேன்: "தனக்கொடி டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தாங்க. கட்டில்ல உக்காந்து நடந்ததையெல்லாம் சொன்னாங்க. விசாரணை வருது, தெரியுமில்ல? அவங்க வந்துட்டுப் போன பொறவுதான் நாங்க இந்த முடிவுக்கு வந்தோம்." அவன் மொகத்தைப் பார்க்கணுமே! பக்கத்துல இருந்த கிளார்க்கைப் பார்த்து, "எழுதிக்கோங்க"ன்னான். டி.சி.தான் எழுதச் சொல்றான்னு நெனைச்சேன். நான் சொன்னதையும் எழுதியிருக்கான் போல. எழுதட்டுமே, உண்மைதானே?

அன்னைக்கு வரும்போது ஆட்டோவுல நாங்க பாடாத பாட்டில்ல. ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்னோம்.

ரெண்டே நாள். டீச்சரை வேலையை விட்டு நிறுத்திட்டான். காரணம் என்ன போட்டிருந்தான் தெரியுமா? பிள்ளை சேர்க்க அனுப்பினா, பெத்தவங்களைத் தூண்டி விட்டு இருந்த பிள்ளைகளையும் வெளிய அனுப்பிட்டாங்களாம்! பாருங்க மிஸ், எவ்வளவு பெரிய பொய்! அவங்க எங்க தூண்டினாங்க? வேண்டாம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டாங்க, நாந்தான் கேக்கல. இப்படி வாய் கூசாமப் பொய் சொல்றவன் ஒரு ஸ்கூலு நடத்துறான்.

செல்லாயி சொன்னதும் நான் உடனே டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். "டீச்சர், கவலைப்படாதீங்க, விசாரணைக்கு நான் வர்றேன், மைக்கு இல்லாமலே பேசுவேன், நடந்தது பூராவும் சொல்றேன்"னேன். அவங்க கதவைப் பாதி திறந்து வெச்சுக்கிட்டு நின்னாங்க. அப்பறம் ரெண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டாங்க. என்னைப் போய்! என் வயசென்ன, அவங்க வயசென்ன! "நீ வராம இருந்தாப் போதும் கண்ணு"ன்னாங்க. வேலையை விட்டுட்டு நான் டவுனுக்கு அலையறது அவங்களுக்குப் பொறுக்கல. அந்த நெலமையிலயும் என்னைப் பத்தித்தான் நெனைப்பு. வரும்போது பஸ்ஸுல அழுதுட்டே வந்தேன்.

நான் போகல. போயிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும். ஆபீசுல, நீங்க இப்ப அந்த ஸ்கூல்ல இல்லியேம்மான்னு சொல்லி மனுவை முடிச்சுட்டாங்களாம்.

தீபாவளிக்கு அதிரசம் சுட்டு எடுத்துட்டுப் போனேன். பக்கத்து வீட்டம்மா, டீச்சர் ஊர்ல இல்லேன்னு சொல்லுச்சு. செருப்பு வாசல்லதான் கெடந்துச்சு. வேற செருப்புப் போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க. அதிரசத்தைச் செருப்புக்குப் பக்கத்துல வெச்சுட்டா நல்லா இருக்காதுன்னு பக்கத்து வீட்டம்மாகிட்டயே குடுத்துட்டு வந்தேன்.

பிள்ளைகளா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு ஸ்கூலு வந்திருக்குது, படிக்கிறதுக எல்லாம் அங்கதான். சின்னவனைத்தான் இன்னும் எங்கயும் சேர்க்கல, வர்ற ஜூன்ல அங்கதான். வேன் வாசலுக்கே வருது. மிஸ்ஸுங்க எல்லாம் சின்னச் சின்னப் பொண்ணுங்க, துறுதுறுன்னு இருக்குதுக. பார்க்கவே நல்லா இருக்குது. சேர்க்கப் போனப்ப நம்ம டீச்சருக்கு ஒரு வேலை இருக்குமான்னு கேட்டுப் பார்த்தேன். வயசைக் கேட்டாங்க. சொன்னேன். சிரிச்சாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தானே மிஸ்? இந்தக் காலத்துப் பிள்ளைக பின்னால ஓடணும்னா கொஞ்சம் வயசுல இருந்தாத்தானே முடியும்.

யாழினி நல்லாத்தான் இருக்கா. வாசிக்கச் சொன்னா மட்டும் அழுகுறாளாம். எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு சத்தமா வாசிக்கணுமாம் அங்க. பஸ்ஸுல போனாலும் இப்பெல்லாம் கம்முனுதான் வர்றா. வளர்ந்தாச் சரியாப் போயிரும்.

அட, எந்திரிச்சுட்டீங்க? சித்த இருங்க. எதுக்கு இப்படிச் செவுத்தைப் புடிக்கிறீங்க? தலை சுத்துதா? உக்காருங்க, உக்காருங்க. வெயிலு தலைக்கு ஏறிருச்சு. காலையில சாப்பிட்டீங்களா? டீதான் குடிச்சீங்களா! நல்லா இருக்குது போங்க. உங்களுக்கு என்ன வயசு மிஸ்? நாப்பத்தெட்டா? மை அடிச்சிருக்கீங்க, தெரியல. அதான் அவனும் உங்களைச் சேர்த்துக்கிட்டிருக்கான். அந்தப் பாவிப்பய உங்களையும் இந்தக் காட்டு வழியிலதான் போட்டிருக்கான் பாருங்க. உங்களுக்கு எத்தனை பேரைச் சேர்க்கணும்? வந்ததுல இருந்து ஒருத்தர்கூடச் சேரலியா?

எம் பையனைக் கேக்காதீங்க. அது மட்டும் முடியாது. நான் ஒரு தடவை ஒரு பக்கம் நின்னுட்டா மாற மாட்டேன். ஆனா உங்களைச் சும்மா அனுப்ப மாட்டேன். அந்தக் கிரிதரன் நம்பர் இன்னும் என் போன்ல இருக்குது. இருங்க, இப்பவே போட்டுப் பேசுறேன். ஒரு அரைமணி நேரமா எங்க வீட்டுலதான் உக்காந்திருக்காங்க, நாப்பத்தெட்டு வயசு, முட்டி வலி, தலை சுத்துது, செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, இவங்களைப் போய் இப்படி வெயில்ல அனுப்புறியே, நீ மனுசனான்னு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்.

ஏன், வேண்டாங்கறீங்க? எதுக்கு என் கையைப் புடிக்கிறீங்க? பயப்படாதீங்க மிஸ். உங்களுக்காக யாராவது ஒருத்தர் பேசணுமில்ல.

ஐயோ, எதுக்கு இப்படி ஓடுறீங்க? விழுந்து கிழுந்து வெக்காதீங்க! நாயைப் பார்த்துப் போங்க. மிஸ்! குடையை விட்டுட்டுப் போறீங்க. மிஸ்! அட, ரிங்கு போகுதுங்க, எடுத்துட்டான். உங்க பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க.